விடும் அண்ணை லீவு எடுத்த கதை

சிவசுப்பிரமணியம் என்று விசாரித்தால் இணுவிலில் நாலைந்து வீட்டைக் காட்டுவார்கள். விடும் அண்ணை என்று கேட்டால் ஒரே வீடுதான். கே.கே.எஸ். வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், கமக்காரர் சங்கத்தின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், தண்ணீர் இறைப்பு மிசின் திருத்தும் பட்டறைக்கு அவர் பத்தொன்பது வருடமாகப் பொறுப்பாளர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த எவரும் ஒரு மிசினைத் தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையால் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை.

விசயம் இதுதான். யாராவது ஸ்பானரை எடுத்து ஒரு நட்டில் வைப்பார்கள். அரைச் சுற்றுக்கூடச் சுற்றியிருக்க மாட்டார்கள். பின்னால் ஒரு செருமல் கேட்கும். "விடும், விடும். நான் பாக்கிறன்." அவ்வளவுதான், ஸ்பானர் கைமாறிவிடும். பறிகொடுத்தவர், கழற்றிய நட்டுகளைப் போட்டு வைக்கும் பழைய பால்மாத் தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். உடுவிலிலிருந்து சைக்கிளில் வரும் கனகலிங்கம், நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன், அந்தப் பேணியைப் பிடிக்கத் தொடங்கிப் பதினாலு வருடம். வீட்டில் மட்டும் தன்னை மெக்கானிக் என்றுதான் சொல்லிவைத்திருந்தார், பாவம்.

சும்மா சொல்லக்கூடாது, சிவசுப்பிரமணியம் கெட்டிக்காரர். இளவயதில் கொழும்பில் மிசின் விற்கிற கொம்பனி ஒன்றில் ஆறு வருடம் நின்று பழகியவர். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். திறக்கும்போது மிசினுக்கு வந்த வருத்தம் இன்னதென்று சொல்லிவிடுவார். மிசினைக் கொண்டுவந்த கமக்காரன் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "நீர் பேசாமல் இரும். மிசின் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்பார். கமக்காரன் தன் கதையைக் கொண்டுபோய்ப் பேணியோடு நிற்கும் கனகலிங்கத்திடம் சொல்லி ஆறுதலடைவான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவருடைய மதிப்பு இன்னும் ஏறியது. சண்டையோடு மின்சாரம் போய்விட்டது. உதிரிப்பாகம் வருவது நின்றுபோனது. கிணறுகள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய மிசின்களை நம்பியிருந்தன. நாலு நாள் இறைக்காவிட்டால் வெங்காயம் வாடிவிடும். ஆகவே வலிகாமத்தில் பாதிப் பேருடைய சோறு விடும் அண்ணையின் கையில் என்று ஊர் சொன்னது. ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொன்னார். சங்கத்தின் வருடக் கூட்டத்தில் வருடந் தவறாமல் எழும்பி, "நான் ஒரு கிழமை படுத்தனெண்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். உவங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்று அறிவிப்பார். கை தட்டுவார்கள்.

இப்படிச் சொல்லிச் சொல்லித் தனக்குத் தானே வெட்டிய குழி, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதத்தில் வாயைத் திறந்தது.

அவருக்கு ஒரே மகள், சுகிர்தா. வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். கனடாவில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பொருத்தம் பார்த்து, அவர் மூன்று கிழமை லீவில் கொழும்புக்கு வருவதாக ஏற்பாடாகி, வைகாசியில் முகூர்த்தமும் வைத்தாயிற்று. தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால், கிளாலியில் படகேறி, வவுனியா போய், ரயிலைப் பிடித்துக் கொழும்பு போய்ச்சேர அந்தக் காலத்தில் நாட்கணக்காகும். திரும்பி வருவதைச் சொல்லவே தேவையில்லை. சிவசுப்பிரமணியம் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் கேட்டு, தன் பத்தொன்பது வருட உத்தியோகத்தின் முதலாவது லீவுக் கடிதத்தை முத்து முத்தான எழுத்தில் எழுதிக்கொண்டு சங்கத் தலைவர் முருகேசுவிடம் போனார்.

தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல விசயம். ஆனால் நீர் போனால் மிசினை ஆர் பாக்கிறது?"

"கனகலிங்கம் நிக்கிறான். கிறகோரி நிக்கிறான்."

"உவங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நீர்தானே சொன்னனீர்? கூட்டக் குறிப்பிலை கிடக்கு. ஒருக்கால் இல்லை, பத்தொன்பது தரம் கிடக்கு."

"அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது."

"கமக்காரர் அதை நம்பியெல்லோ இருக்கினம். வைகாசியிலை வெங்காயம் காஞ்சால் எனக்குத்தான் வந்து ஏசுவினம்." தலைவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "ஒண்டு செய்வம். சித்திரை முடியேக்கை நான் பழுதான மிசின் ஒண்டோடை வருவன். நீர் கையும் வைக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. உவங்கள் திருத்தி ஓடவிட்டால் உமக்கு லீவு. இல்லாட்டி உம்மடை மனுசி பூரணம் மட்டும் போகட்டும். அதுக்கிடையிலை திருநெல்வேலியிலை பொறுப்பாளர்மாருக்கு ஏதோ ரெண்டு நாள் வகுப்பு நடக்குதாம், போயிட்டு வாரும்."

வீட்டில் பூரணம் இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? "நான் தேங்காய் திருவினாலே பக்கத்திலை வந்து விடு, விடு எண்டு நிக்கிற மனுசன், மற்றவையைப் பழக்கப் போறாராம்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தகப்பன் இல்லாமல் நான் தனியப்போய்ப் பிள்ளையைத் தாரைவார்க்கிறதோ? எப்பிடியாவது செய்யுங்கோ" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினார்.

வகுப்பு நடத்தியவர் ஞானாம்பிகை என்ற முப்பத்தைந்து வயதுப் பெண். கடதாசித் தட்டுப்பாட்டில் பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பொறுப்பாளர் என்பவர் வேலையைச் செய்கிறவர் அல்ல, வேலை செய்கிறவர்களை வளர்க்கிறவர் என்று தொடங்கினார். விடை தெரிந்தாலும் சொல்லாதீர்கள். 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் வாயைத் திறக்காதீர்கள் என்றார்.

சிவசுப்பிரமணியம் எழும்பினார். "பிள்ளை, மிசின் பழுதாய்க் கிடக்கேக்கை நான் பத்து எண்ணிக்கொண்டு நிண்டால் தோட்டம் காஞ்சு போகாதோ?"

ஞானாம்பிகை மறுமொழி சொல்லவில்லை. புன்னகையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு அளவில்தான் சிவசுப்பிரமணியத்துக்கு விளங்கியது, அந்தப் பெண் மனதுக்குள் எண்ணுகிறார் என்று. பத்தில் ஞானாம்பிகை கேட்டார்: "அப்ப என்ன செய்யலாமெண்டு நீங்கள் நினைக்கிறியள், ஐயா?" சிவசுப்பிரமணியம் மெல்லக் கதிரையில் இருந்தார். அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவரும் ஒருவரிடமும் கேட்டதில்லை. பின்னேரம் ஒரு பயிற்சி. பக்கத்தில் இருப்பவருக்குக் கடதாசிக் கப்பல் செய்யச் சொல்லிக் கொடுக்க வேண்டும், கடதாசியைத் தொடக்கூடாது. இவருக்கு வாய்த்தவர் ஒரு பேக்கரி மேற்பார்வையாளர். மூன்றாம் மடிப்பில் "விடும்" என்று கடதாசியைப் பறித்துவிட்டார். கப்பல் நல்லாய்த்தான் வந்தது. பேக்கரிக்காரர் அடுத்த நாள் வேறு கதிரையில் போய் இருந்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் ஒரு மிசினைத் திறந்துவைத்தார்கள். சிவசுப்பிரமணியம் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, "கனகலிங்கம், உதிலை என்ன பிழையெண்டு நீர் நினைக்கிறீர்?" என்று கேட்டார்.

கனகலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு மனிதன் திடீரென்று கேள்வி கேட்கத் தொடங்கினால் நல்ல அர்த்தம் ஒன்றும் இருக்காது. "நீங்கள் சொன்னால் சரி, அண்ணை" என்றார். அடுத்து கிறகோரி. குருநகரில் படகு எஞ்சின் பார்த்தவர், இடம்பெயர்ந்து வந்து மூன்று வருடமாக இங்கே நிற்கிறவர். அவரும் "நீங்கள் சொன்னால் சரி" என்றார். சிவசுப்பிரமணியம் பத்து எண்ணினார், இருபது எண்ணினார். அவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேத்தண்ணிக் கடையில் இருவரும் கூடி ஆராய்ந்தார்கள். அண்ணைக்குக் கண் மங்கிவிட்டது, வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்பது கிறகோரியின் கட்சி. இல்லை, சங்கம் ஆட்குறைப்புச் செய்யப்போகிறது, ஆருக்கு என்ன தெரியுமென்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்பது கனகலிங்கத்தின் கட்சி. முடிவில் கனகலிங்கத்தின் கட்சியே வென்றது. ஆகவே எதைக் கேட்டாலும் ஒன்றும் தெரியாதவர்களாக நிற்பதென்று தீர்மானமாயிற்று. ஏற்கெனவே அப்படித்தானே நின்றார்கள், அதனால் பெரிய சிரமம் இருக்கவில்லை.

மூன்று கிழமை இந்தக் கூத்து நடந்தது. பங்குனி போய்ச் சித்திரை பிறந்துவிட்டது. மிசின்கள் வாசலில் வரிசையாகத் தேங்கின. சிவசுப்பிரமணியத்துக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னுக்குக் கட்டினால் தானாக அவிழ்ந்து ஸ்பானருக்குப் போகிறது. சாரத்தில் பொக்கற்றும் இல்லை. ஒருநாள் வேறு வழியில்லாமல் மேசையில் கிடந்த பால்மாப் பேணியை எடுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விடும் அண்ணை பேணி பிடிப்பதைக் கண்ட கிறகோரிக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. "அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. எங்களை நிப்பாட்டப் போறியளோ?"

"ஆர் சொன்னது?"

"அப்ப ஏன் இந்தச் சோதினை?"

சிவசுப்பிரமணியம் பேணிக்குள் பார்த்தார். கலண்டர்த் தாளில் ஞானாம்பிகை எழுதிய ஒன்றும் அந்த நேரம் கைகொடுக்கவில்லை. "எனக்கு லீவு வேணும்" என்றார். "சுகிர்தாவின்ரை கலியாணம். நீங்கள் ரெண்டு பேரும் தனிய ஒரு மிசினைத் திருத்திக் காட்டாட்டி எனக்கு லீவு இல்லை. உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லித் திரிஞ்சது நான்தான். என்ரை வாயாலை வந்தது."

கனகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினார். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அண்ணை. பிள்ளையின்ரை கலியாணமெண்டால் நாங்கள் மாட்டமெண்டு சொல்லுவமோ?" என்று ஸ்பானரை எடுத்தார். வகுப்பு செய்யாத வேலையை ஒரு உண்மை செய்துவிட்டது. ஆனால் வகுப்பும் வீண்போகவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டால் மறுமொழி வந்தது. பிழையான மறுமொழியும் வந்தது. பிழையென்று தெரிந்தும் பேணியைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவது இருக்கிறதே, அந்தக் கொடுமையை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். பேணியின் விளிம்பு நெளிந்துபோனது.

சித்திரையின் கடைசிக் கிழமை. தலைவர் முருகேசு சொன்னபடியே வந்தார். கூடவே கமக்காரர் அம்பலவாணர் தன் மிசினை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். தொடங்கினால் ஐந்து நிமிடம் அழகாக ஓடும், பிறகு இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோகும். தலைவர் கதிரையைப் போட்டு இருந்தார். சிவசுப்பிரமணியம் பேணியோடு சுவரோரம் நின்றார்.

மிசின் ஓடியது, இருமியது, நின்றது. அவருக்குத் திருப்புளிகூடத் தேவைப்படவில்லை. கொயில். அந்தக் கம்பிச்சுருள் சூடானதும் மின்பொறி வராமல் போகிறது, வேறென்ன? இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரேயொரு புதுக்கொயில் அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுத்து மிசினில் பூட்டினால் பத்து நிமிட வேலை. கனகலிங்கமோ பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஓடவிட்டார்கள், நின்றது. கிறகோரி காபரேற்றரைக் கழற்றி ஊதிப் பூட்டினார். ஓடவிட்டார்கள், நின்றது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சிவசுப்பிரமணியத்தின் கண்முன்னால் கலியாண மண்டபமும் தகப்பன் இல்லாத மணவறையும் வந்து போயின. வாய் தானாகத் திறந்தது.

"வி..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் புருவத்தை உயர்த்தினார்.

"விக்கல்" என்றார் சிவசுப்பிரமணியம். சொன்னதற்காக இரண்டு தரம் விக்கியும் காட்டினார். கிறகோரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கனகலிங்கம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அம்பலவாணருக்குப் பக்கத்தில் குந்தினார். பதினாலு வருடம் கமக்காரருக்குப் பக்கத்தில் நின்று கதை கேட்ட மனிதர் அல்லவா?

"ஐயா, இது எப்ப துவக்கம் இப்பிடி?"

"செவ்வாய்க்கிழமை துவக்கம்."

"திங்கட்கிழமை மிசினுக்கு என்ன செய்தனியள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

கனகலிங்கம் மேலே பேசவில்லை. சும்மா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் சிவசுப்பிரமணியமும் அவரையறியாமல் எண்ணினார். எட்டில் அம்பலவாணர் தலையைச் சொறிந்தார்.

"மனுசி தாங்கி மூடியிலை கொஞ்சம் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் அப்பினவ. மண்ணெண்ணெய் ஆவியாய்ப் போகுதெண்டு. கிடைக்கிறதே ஒரு சொட்டு, அதையும் காத்துக்கு ஏன் குடுப்பான்?"

எண்ணெய்த் தாங்கியின் மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு துவாரம் இருக்கும், காற்று உள்ளே போக. காற்று போகாவிட்டால் எண்ணெய் கீழே இறங்காது. மூடியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் காற்று உள்ளே போய்விடும், மிசினும் ஐந்து நிமிடம் நல்லபிள்ளையாக ஓடும். கனகலிங்கம் ஒரு கம்பியால் சவுக்காரத்தை நோண்டி எடுத்தார். மிசின் ஐந்து நிமிடம் ஓடியது, பத்து நிமிடம் ஓடியது, அரைமணி நேரம் ஓடியது. போதும், எண்ணெய் வீணாகிறது என்று கடைசியில் அம்பலவாணரே நிறுத்தினார்.

தலைவர் எழும்பி வந்து சிவசுப்பிரமணியத்தின் தோளில் தட்டினார். "உம்மடை பயிற்சி நல்ல பயிற்சி. மூண்டு கிழமை என்ன, ஒரு மாதம் நிண்டு வாரும். இஞ்சை ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலாய் வாரும்."

சிவசுப்பிரமணியம் அலுமாரியின் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்திருந்தால் இருந்த ஒரே கொயிலையும் பூட்டி, மிசின் மறுபடியும் நின்று, ஊர் முன்னால் அவமானப்பட்டிருப்பார். அது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதுதான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை மிசினுக்குச் சவுக்காரத்துக்குப் பதிலாகக் கொயில் மாற்றினோமோ என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். பூரணத்திடம் லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

புறப்படும் முன் நாற்பது பக்கக் கொப்பி நிறைய அறிவுறுத்தல் எழுதிக் கனகலிங்கத்திடம் கொடுத்தார். கனகலிங்கம் இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கினார். அந்தக் கொப்பி பிறகு பட்டறை மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே நெடுங்காலம் பயன்பட்டது.

வெள்ளவத்தை மண்டபத்தில் பூரணத்துக்கு அன்று பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான், புருசனை இருந்த இடத்தில் இருத்துவது. வாழைமரம் கட்டுகிறவரிடம் "விடும்" என்றார். வெற்றிலை அடுக்குகிறவளிடம் "விடு பிள்ளை" என்றார். நாதஸ்வரக்காரரை நோக்கியும் ஒருமுறை எழும்பினார், பூரணம் சால்வையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

தாரைவார்க்கும் நேரம் வந்தது. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். பூரணம் செம்பிலிருந்து நீர் வார்த்தாள். ஐயர் மந்திரத்தைச் சொல்லி முடித்து, "இனிக் கையை விடுங்கோ" என்றார்.

சிவசுப்பிரமணியம் விடவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாய், ஒரு காயமும் இல்லாமல், எண்ணெய் படாத கை. இந்தக் கைக்கு என்ன தெரியும்? பிள்ளைக்கு மார்கழிக் குளிரில் இழுப்பு வருமென்று தெரியுமா? கோபம் வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், மூன்றாம் நாள் முட்டை பொரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தெரியுமா? இவருக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவோ இருக்கிறது, நாற்பது பக்கக் கொப்பி காணாது.

"ஐயா, முகூர்த்தம் போகுது" என்றார் ஐயர்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. மாமனார் கலங்கிப்போய் நிற்கிறார் என்று கண்டு மெல்லக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"விடுங்கோ மாமா. நான் பாக்கிறன்."

பக்கத்தில் பூரணத்தின் செம்பு ஆடி, நீர் கொஞ்சம் சிந்தியது. சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை. சிவசுப்பிரமணியத்துக்குக் கனகலிங்கத்தின் முகம் ஞாபகம் வந்தது. அரைச் சுற்றில் ஸ்பானரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்க்காமலே தெரிந்தது.

மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஐயர் காத்திருந்தார், சபை காத்திருந்தது, சுகிர்தா அவருடைய சின்னவிரலை ஒருமுறை அழுத்தினாள். பத்து வந்ததும் விட்டார். தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டு நிற்க அங்கே ஒரு பேணிகூட இருக்கவில்லை.